அப்புறத்தைத் தின்ற பூதம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், உங்கள் ஊரும் பிறக்காத, என் ஊரும் பிறக்காத நாளில், இரண்டு மலைகளுக்கு நடுவே காற்று நுழைகிற இடத்தில் கணவாய்ப்பாடி என்று ஒரு நாடு இருந்தது. காற்று வந்ததால் தென்னை ஆடியது. தென்னை ஆடியதால் தேங்காய் விழுந்தது. தேங்காய் விழுந்ததால் மட்டை கிடந்தது. மட்டை கிடந்ததால் நார் இருந்தது. நார் இருந்ததால் அங்கே ஒரு கயிற்றுக்காரன் இருந்தான். பெயர் மாரப்பன்.

மாரப்பன் கயிறு என்றால் சுற்றுப்பட்டு முழுக்கத் தெரியும். யானையைக் கட்டினாலும் அறாது, தேரை இழுத்தாலும் அறாது, ராஜாவின் கோபத்தையே கட்டி வைக்கலாம் என்று கேலி பேசுவார்கள்.

கயிறு எப்படித் திரிப்பார்கள், தெரியுமா? ஒருவர் உட்கார்ந்து ராட்டை சுற்ற வேண்டும். இன்னொருவர் மடி நிறைய நாரைக் கட்டிக்கொண்டு, அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி பின்பக்கமாகவே நடக்க வேண்டும். நடந்து நடந்து தோப்பின் கடைசிவரை போக வேண்டும். கயிற்றின் பருமன், முறுக்கு, பலம் எல்லாம் நார் விடுகிற அந்த விரலில்தான் இருக்கிறது. மாரப்பன் ராட்டை சுற்றினான். பின்னால் நடந்தவள் அவன் மனைவி பவளாயி. கயிற்றுக்குப் பேர் மட்டும் மாரப்பன் கயிறு. அது ஏன் என்று அவனும் யோசித்ததில்லை, அவளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அப்படியே இருந்து வந்தது, அவ்வளவுதான்.

கணவாய்ப்பாடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். பெண்கள் பரிமாறுவார்கள். “நீயும் உட்காரேன்” என்று எவனாவது பேச்சுக்குச் சொன்னால், “நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்” என்பார்கள். ஆண்கள் கைகழுவி எழுந்து போன பிறகு, அடுப்படியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்த்தவன் கண் மங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ஆக, அந்த நாட்டில் எந்த ஆணும் தன் மனைவி ஒரு வாய் சோறு தின்று பார்த்ததே கிடையாது. கேட்க விநோதமாக இருக்கிறது இல்லையா? அவர்களுக்கு விநோதமாக இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் தலையாரியின் மனைவி கொடியில் துணி போட எம்பினாள். எம்பினவள் இறங்கவில்லை. கூரை உயரத்தில் நின்றாள்.

“ஏய், இறங்கு! யாராவது பார்க்கப் போறாங்க!” என்றான் தலையாரி.

“இறங்கத் தெரியலைங்களே! ஏறினதே எனக்குத் தெரியாதுங்!”

இரண்டாவதாக, பூக்காரி ஒருத்தி ஆற்றிலிருந்து வந்தாள். இடுப்பில் குடம் இருக்கும்வரை தரையில் நடந்தாள். வீட்டு வாசலில் குடத்தை இறக்கி வைத்தாள், முருங்கை மரத்து உச்சியில் போய் மாட்டிக்கொண்டாள். மூன்றாவதாக அரண்மனையிலேயே நடந்துவிட்டது. ராணி நகைகளைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் காலாற நிற்கலாம் என்று நினைத்தார். அந்தக் கால்தான் ஆறாமல் போனது. கொலுமண்டபத்து விதானத்தில் முதுகு ஒட்ட, கீழே கூண்டில் இருந்த கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமை இருந்தால் தரை. சுமையை இறக்கினால் ஆகாயம். நாடு முழுக்க இதே கதை. ஏன் மிதக்கிறோம் என்று பெண்களுக்குத் தெரியவில்லை. ஏன் மிதக்கிறார்கள் என்று ஆண்களுக்கும் தெரியவில்லை.

ராஜா திடமணி சபையைக் கூட்டினார். பாவம், அவருக்குத் தலையைத் தூக்கித் தூக்கி ராணியிடம் பேசிக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

“மந்திரியாரே, என்ன நடக்கிறது இங்கே?”

“மகாராஜா, அடியேன் நன்றாக ஆராய்ந்துவிட்டேன். சுமை இருக்கும்போது பெண்கள் மிதப்பதில்லை. ஆகவே...”

“ஆகவே?”

“சுமையைக் கூட்டிவிடலாம்!”

மேலே இருந்து ராணி கேட்டார்: “மந்திரியாரே, உமக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?”

“ஆகிவிட்டது மகாராணி. அவள் இப்போது எங்கள் வீட்டுப் புகைக்கூண்டில் இருக்கிறாள்.”

ராஜாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்று ஆணைகள் போட்டார். ஒன்று, பெண்கள் எல்லாரும் இரும்புக் காப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு, மடியில் கல்லைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று, கயிற்றால் கம்பத்தில் கட்டி வைக்க வேண்டும். ஆனால் பெண்களோ நாளுக்கு நாள் இன்னும் லேசாகிக்கொண்டே போனார்கள். காப்போடு மிதந்தார்கள். கல்லோடும் மிதந்தார்கள். கயிறு ஒன்றுதான் பிடித்தது. மாரப்பன் கயிறு ஆயிற்றே!

அவ்வளவுதான், மாரப்பன் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. “எம் பொண்டாட்டிக்கு ஒரு முழம் சேர்த்துக் குடுப்பா.” “எங்கம்மாவுக்குப் பருமனா வேணும், அவங்க கோபக்காரங்க.” ராட்டை நிற்கவே இல்லை. ராட்டை நிற்காததால் பவளாயியும் நிற்கவில்லை. பின்னால் நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் முதல் காற்று வந்தது. ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது, ஆனாலும் கணவாய் வழியாக ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது. அந்த ஒரு வீச்சில் தலையாரியின் மனைவி போய்விட்டாள். கயிறு அறவில்லை. கம்பம்தான் பிடுங்கிக்கொண்டது. கம்பமும் கயிறுமாக அவள் மலைக்கு அந்தப் பக்கம் சின்னப் புள்ளியாகி மறைவதைத் தலையாரி பார்த்தபடி நின்றான். “இனி எனக்குச் சமையல்...” என்று ஆரம்பித்தவன், அதை முடிக்காமல் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

ஒரு வீச்சுக்கே இப்படி. ஆடி பிறந்தால்?

அன்று மத்தியானம் தோப்பில் ராட்டை திடீரென்று லேசானது. கயிற்றில் இழுவை இல்லை. மாரப்பன் எழுந்து பவளாயியின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனான். முதல் தென்னை வரைக்கும் முழுப் பாதம் மணலில் பதிந்திருந்தது. அதைத் தாண்டிக் குதிகால் தடம் இல்லை, விரல் மட்டும். இன்னும் தாண்டி விரலும் இல்லை. வெறும் மணல்.

நிமிர்ந்து பார்த்தான். மடியில் நார் தீர்ந்துபோன பவளாயி, கயிற்று நுனியைப் பிடித்தபடி தென்னங்கீற்றுக்கு நடுவே இருந்தாள்.

“ஏம்புள்ள! நீயுமா?”

“கோபப்படாதீங்க. கயித்தை விடலைங் நான்.”

“கயிறு கிடக்குது! எப்பப் புள்ள இப்படி ஆச்சு?”

“தெரியலைங். கொஞ்ச நாளாவே குதிகால் ஊனல. நார் பாரத்துல சமாளிச்சேன்.”

அவளை இழுத்து இறக்கினான். மணிக்கட்டைப் பிடித்தபோது கையில் ஒன்றும் பிடித்த மாதிரியே இல்லை. 

“சாப்பிடறியா ஒழுங்கா?”

அதுவரை அவன் அப்படிக் கேட்டதில்லை. பவளாயி கொஞ்சம் திகைத்துப் போய், “ஆச்சுங்களே, சாப்பிட்டாச்சு” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய குழப்பம்.

கம்பத்தை மாரப்பன் நம்பவில்லை. தலையாரி வீட்டுக் கம்பத்தைத்தான் பார்த்தாயிற்றே. கயிற்றின் ஒரு நுனியை அவள் இடுப்பில் கட்டினான், மறுநுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். “நீ போனா நானும் வர்றேன், போ” என்றான். அதிலிருந்து அவள் போகிற இடமெல்லாம் அவனும் போக வேண்டியதாயிற்று. கிணற்றடிக்குப் போனான். மாட்டுக் கொட்டகைக்குப் போனான். அம்மிக்கும் உரலுக்கும் நடுவே அலைந்தான். “இத்தனை தூரமா புள்ள ஒரு வீட்டுக்குள்ள?” என்று மூச்சு வாங்கினான்.

“வீடு சின்னதுதானுங். நடைதான் பெரிசு.”

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கைகழுவினான். அவள் தன் பங்கை எடுத்துச் சட்டியில் வைத்து மூடிவிட்டு, “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்” என்றாள். போனார்கள், வந்தார்கள். இப்போது அவள் சாப்பிட வேண்டும். கயிறோ குட்டை. அவன் வெளியே போக முடியாது.

“கண்ணு மங்கிடுமுங். திரும்பிக்கோங்க.”

மாரப்பன் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். பின்னால் சத்தம் கேட்டது. சப், சப், சப்! சோறு விழுங்குகிற சத்தம். எருமை தவிடு தின்பது மாதிரி.

“மெதுவாத் தின்னு புள்ள, விக்கிக்கப் போகுது.”

“நான் இன்னும் உட்காரவே இல்லீங்களே,” என்றாள் அவள்.

கண் மங்கினால் மங்கட்டும் என்று திரும்பினான். புகைபோகிற ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே இறங்கியிருந்தது. தென்னை மரம் பருமன், கரடி மயிர். சட்டியை வழித்து மேலே கொண்டுபோனது. மறுபடி இறங்கி, விரலைத் துடைத்துக்கொண்டது. அந்த ராட்சதக் கையில் ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி வளையல், சதைக்குள் புதைந்து கிடந்தது. பிறகு ஓட்டையில் ஒரு பெரிய வாய் தெரிந்தது. பவளாயியின் முகத்தில் ‘ஃபூ’ என்று ஊதியது.

பவளாயி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“ஆச்சுங்க, சாப்பிட்டாச்சு. புளிதான் கொஞ்சம் தூக்கல்.”

“நீ எங்க புள்ள சாப்பிட்ட!”

“இதென்ன பேச்சு? இப்பத்தானே சாப்பிட்டேன்?”

“கையைப் பாரு. ஈரமே இல்லையே!”

பவளாயி கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். சோற்று வாசம் இல்லை, நார் வாசம்தான் இருந்தது. சாப்பிட்ட ஞாபகம் இருக்கிறது, சாப்பிட்ட கை இல்லை. அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எத்தனை காலமாக? அவளுக்குத் தெரியவில்லை.

மாரப்பன் ராட்டைக் கட்டையை எடுத்துக்கொண்டு கூரைக்குப் பாய்ந்தான். பூதம் ஓடவில்லை. மலை மாதிரி உட்கார்ந்து ஏப்பம் விட்டது.

“திருட்டுப் பூதமே!”

“மரியாதையாகப் பேசு. நான் திருடினதே கிடையாது. எனக்கு வரம் இருக்கிறது. தனக்கு உள்ளதை எடுத்து எவர் அப்புறத்துக்குத் தள்ளி வைக்கிறாரோ, அது எனக்கு. சோற்றைத் தள்ளினால் சோறு, தூக்கத்தைத் தள்ளினால் தூக்கம், சொல்ல வந்ததைத் தள்ளினால் அந்தச் சொல். இத்தனை காலம் வேறு நாடுகளில் சுற்றினேன், அங்கே ஒரு வேளைக்கே திண்டாட்டம்; கொஞ்ச நாள் முன்னால்தான் இங்கே வந்தேன். உங்கள் நாட்டிலோ வீட்டுக்கு வீடு மூடி போட்டு எடுத்து வைக்கிறார்கள்! நான் எங்கேயும் போவதாக இல்லை.”

“இவ உனக்கு என்ன கெடுதல் பண்ணினா?”

பூதம் கொஞ்சம் குழம்பியது. “கெடுதலா? எனக்குப் பசி” என்றது.

மாரப்பன் கட்டையால் அடித்தான், கட்டை உடைந்தது. கயிற்றை வீசினான், பூதம் அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்ல கயிறு. யார் திரித்தது?” என்று கேட்டது. “நான்...” என்று வாயெடுத்தவன், இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் மிதக்கிறவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நேராக அரண்மனைக்குப் போனார்கள். ராஜா கேட்டார். கேட்டதும் துள்ளி எழுந்தார். “இவ்வளவுதானே! போடு ஆணையை! இனிமேல் பெண்கள் முதலில் சாப்பிட வேண்டும். ஆண்கள் அப்புறம்!”

தண்டோரா போட்டார்கள். பெண்கள் வெட்கப்பட்டார்கள், குழம்பினார்கள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பழகினவர்கள் எந்தப் பக்கம் உட்காருவது என்று தடுமாறினார்கள். ஆனால் சாப்பிட்டார்கள். கை நனைந்தது, வயிறு நிறைந்தது, குதிகால் தரை தொட்டது. ராணி விதானத்திலிருந்து இறங்கிவந்து முதல் வேலையாகக் கிளிக்கூண்டைத் திறந்துவிட்டார்.

ஆண்கள் வாசலில் நின்றுகொண்டு, “நீ சாப்பிடு, நான் அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்” என்றார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மந்திரி முதலில் போனார். ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார், கிரீடம் மட்டும் கீழே விழுந்தது. கடைத்தெரு முழுக்கத் தலைக்கு மேல் வேட்டிகள். பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இறங்குங்க! யாராவது பார்க்கப் போறாங்க!” என்று கத்தினார்கள். இடுப்பில் கட்டின கயிற்றின் ஒரு நுனியில் இப்போது பவளாயி தரையில், மறுநுனியில் மாரப்பன் மேலே.

மேலே போனவனுக்குத் தோப்பு முழுசும் தெரிந்தது. அவள் பின்னால் நடந்து நடந்து போட்ட தடம், மணலில் ஒரு வாய்க்கால் மாதிரி நீளமாகக் கிடந்தது. அதன் ஓரத்தில்...

“ஏம்புள்ள! உனக்குப் பின்னால பெரிய குழி இருக்குது!”

“தெரியுமுங். கல்யாணம் ஆனதுல இருந்து அதுல விழாமத்தான் நடக்கறேன்.”

“சொல்லவே இல்லையே நீ?”

“அப்பறமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

மேலே இருந்தவன் அந்தத் தடத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தான். பிறகு கேட்டான்: “இன்னும் என்னென்ன புள்ள அப்படித் தள்ளி வெச்சிருக்க?”

பவளாயி யோசித்தாள். யோசிக்க யோசிக்க, வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நழுவியது. “ஏதோ ஒண்ணு இருந்துதுங். பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா அதை நினைச்சாலே உடம்பு குளுகுளுன்னு இருக்கும். என்னன்னு ஞாபகம் வர மாட்டேங்குது.”

அதுவும் பூதத்தின் வயிற்றில்தான் இருந்தது.

ஆடி பிறந்துவிட்டது. கணவாய்ப் பக்கம் வானம் மண் நிறமாக மாறியது. இந்தத் தடவை வருவது வீச்சு இல்லை, முழுக்காற்று. எல்லா ஆண்களும் கயிற்று நுனியில். கம்பங்கள் இப்போதே ஆடின. ஊரே கயிறும் கையுமாக அரண்மனை முன்னால் கூடியது. ராஜா மேலே இருந்து, “இன்னொரு ஆணை போடட்டுமா?” என்று பரிதாபமாகக் கேட்டார்.

“வேண்டாமுங்க மகாராஜா” என்றாள் பவளாயி. “யாரு முன்னால, யாரு பின்னாலங்கறது இல்லீங் சங்கதி. ஒருத்தர் பங்கு ஒதுங்கிக் கிடக்குதில்ல, அதுலதான் அது கைவைக்குது. ஒதுக்கவே கூடாது. எல்லாரும் ஒண்ணா உட்காரணும்.”

“எல்லாரும் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது?” என்றார் மந்திரி. நல்ல கேள்விதான். பெண்களுக்கே அது புரியவில்லை. ஒருத்தர் நிற்காமல் ஒரு வீடு எப்படிச் சாப்பிடும்?

“சட்டியை நடுவுல வெச்சா?” என்றான் மாரப்பன் மேலிருந்து. “அவங்கவங்க கைக்கு எட்டற மாதிரி? எட்டாதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க எடுத்து வெக்கட்டும்.”

 இத்தனை சின்ன விஷயம் இத்தனை தலைமுறையாக யாருக்கும் தோன்றவில்லையே என்று ராணி தலையில் அடித்துக்கொண்டார்.

அரண்மனை முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். வாழையிலை வட்டமாகப் போட்டார்கள். ஆண்களைக் கயிற்றோடு இழுத்து இறக்கி, இலைக்கு முன்னால் முளையடித்துக் கட்டி உட்கார வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சோறும் குழம்பும் நடுவில். காற்று ஊளையிட ஆரம்பித்தது. இலை பறக்காமல் இருக்க எல்லாரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்கள்.

பவளாயி மட்டும் தன் பக்கத்தில் இன்னொரு இலை போட்டாள்.

“அது யாருக்குப் புள்ள?”

“அந்தக் கையில ஒரு வளையல் பார்த்தேன்னு சொன்னீங்களே. எனக்கு அது மனசுலயே நிக்குதுங். பூதத்துக்கு எதுக்கு வளையல்?”

அவள் கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டாள். “ஓ... கூரை மேல இருக்கறவங்களே! வாங்க சாப்பிட!”

மதில் மேல் பூதத்தின் தலை எழுந்தது. சபை நடுங்கியது. பூதம் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒதுக்கி மூடின சட்டி ஒன்றுகூட இல்லை. தள்ளி வைத்த தூக்கம் இல்லை. முழுங்கின சொல் இல்லை. பசியில் அதன் வயிறு இடி மாதிரி உறுமியது.

“உட்காருங்க” என்றாள் பவளாயி.

பூதம் இலையைப் பார்த்தது. தனக்கென்று போட்ட இலை. அது என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்தது. முந்தானை இல்லாத தோளில் எதையோ இழுத்துச் செருகப் பார்த்தது. அப்புறம், அந்தப் பெரிய வாயைத் திறந்து, சின்னக் குரலில் சொன்னது:

“நீங்க சாப்பிடுங்க... நான் அப்பறமாச் சாப்பிட்டுக்கறேன்.”

 அந்த வாக்கியம் அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு அது நாக்கில் தெரியும். ஆண்களுக்கு இப்போதுதான், அந்தரத்தில் தொங்கின பிறகுதான் தெரியும்.

“அதெல்லாம் இல்லை” என்றான் மாரப்பன். அவனைக் கட்டியிருந்த முளை ஆடிக்கொண்டிருந்தது. “நீங்க உட்கார்ந்தாத்தான் நாங்க கையை வெப்போம். சேர்ந்தே சாப்பிடலாமுங்.”

‘திருட்டுப் பூதமே’ என்றவன் இன்றைக்கு ‘நீங்க’ என்றான். பவளாயி அதைக் கவனித்தாள்.

எல்லார் கையும் சோற்றுக்கு மேலே நின்றது. ராஜாவின் கை, ராணியின் கை, மந்திரியின் கை. காற்று முழு வேகத்தில் கணவாயில் நுழைந்தது. ஒரு கம்பம் பிடுங்கிக்கொண்டது. ஒரு முளை எழும்பியது. ராஜாவின் பின்பக்கம் தரையைவிட்டுத் தூக்கியது. கை மட்டும் நகரவில்லை.

பூதம் உட்கார்ந்தது. ஒரு வாய் எடுத்தது. எல்லாரும் ஒரு வாய் எடுத்தார்கள்.

காற்று வந்து மோதியது. இலைகள் பறந்தன, கிரீடம் உருண்டது, மந்திரியின் தலைப்பாகை மலைக்கு அந்தப் பக்கம் போயே போனது. ஆனால் ஒரு மனிதர்கூடப் போகவில்லை. அத்தனை பேரும் தங்கள் சொந்த பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால், பவளாயியின் பக்கத்தில் பூதம் இல்லை. ஒல்லியான ஒரு பெண் உட்கார்ந்து குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு பச்சை வளையல்.

“யாரம்மா நீ?” என்றார் ராணி.

“இந்த அரண்மனையில ஒரு கல்யாணம் நடந்துதுங், ரொம்பக் காலத்துக்கு முன்னால. பரிமாற வந்தேன். இந்தப் பந்தி முடியட்டும், அப்பறம் நீ உட்காருன்னாங்க. அடுத்த பந்தி, அதுக்கு அடுத்த பந்தி... கடைசிப் பந்தியில சோறு தீர்ந்துபோச்சுங். பசியோடயே செத்துப் போனேன். சாமி பாவம் பார்த்து, இனி ஒதுக்கினதெல்லாம் உனக்குன்னு வரம் குடுத்துது. தின்னேன், தின்னேன், நிறையவே இல்லைங். அதெல்லாம் என் பங்கு இல்லையே.” அவள் நிமிர்ந்தாள். “பேரு நாச்சாயி. யாராவது கேட்டா சொல்லலாம்னு வெச்சிருந்தேன்.”

அவள் இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டு, ஒரு ஏப்பம் விட்டாள். அந்த ஏப்பத்தோடு அவள் தின்ற அப்புறங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன! பூக்காரி எப்போதோ பாடாமல் தள்ளி வைத்த ஒரு பாட்டு வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. ராணிக்குச் சேர வேண்டிய தூக்கம் மொத்தமாக வந்ததில், அவர் இலை முன்னாலேயே சாய்ந்து குறட்டை விட்டார். மந்திரியின் மனைவி, கல்யாண நாளிலிருந்து சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தாள். மந்திரி குறுக்கே பேசவில்லை. அந்த மாதம் கணவாய்ப்பாடியில் சத்தம் கொஞ்சம் அதிகம்தான்.

நாச்சாயி தன் வீட்டைத் தேடிப் போகவில்லை, போக வீடும் இல்லை. அரண்மனையிலேயே இருந்தாள். எந்தப் பந்தியிலும் முதல் வரிசையில் அவளுக்கு இடம் உண்டு என்று ராஜா சொன்னார். “முதல் வரிசை எதுக்குங், எல்லாரோடயும் போதும்” என்றாள்.

சில நாள் கழித்து, கம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கி வந்தாள் தலையாரியின் மனைவி. “நல்ல ஊருங்க அந்தப் பக்கம்” என்றாள். “இன்னொரு தடவை போகணும். இந்தத் தடவை நடந்து.” தலையாரி, “நானும் வரட்டுமா?” என்று கேட்டான். “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

பவளாயிக்கும் தன்னுடையது திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் தோப்பில் நின்று, “ஞாபகம் வந்துடுச்சுங்!” என்று கத்தினாள்.

“என்ன புள்ள?”

“எப்பப் பாரு பின்னாலயே நடக்கறேன். ஒரு நாளாவது முன்னால பார்த்து நடக்கணும். தோப்புக்கு அப்பால என்ன இருக்குதோ, அது வரைக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதானுங்.”

மாரப்பன் எழுந்தான். இரண்டு பேரும் முன்னால் பார்த்து, பக்கம் பக்கமாக, இருட்டுவதற்குள் எட்டுகிற தூரம் நடந்தார்கள். மறுநாள் அவள் ராட்டை சுற்றினாள், அவன் மடியில் நாரைக் கட்டிப் பின்னால் நடந்தான். குழியில் விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். அவன் திரித்த முதல் கயிறு கன்றுக்குட்டி இழுத்ததற்கே அறுந்தது. “இருக்கட்டுங், விரலுக்குப் பழகணும்” என்று அவள் சிரித்தாள். பழகினான். குழியையும் ஒரு நாள் இருவருமாக மூடினார்கள். இப்போது அந்தக் கயிற்றுக்கு ஊரில் இருவர் கயிறு என்று பேர்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், முழுசும் இல்லை. பழைய வாக்கியம் அத்தனை சீக்கிரம் போகிற வாக்கியமா? சில மத்தியானங்களில் பவளாயி மறந்துபோய், “நீங்க சாப்பிடுங்க...” என்று ஆரம்பிப்பாள். உடனே அவள் குதிகால் ஒரு நெல்மணி உயரம் தூக்கும். மாரப்பன் அவள் இலையைத் தன் பக்கத்தில் நகர்த்திப் போடுவான். சில நாள் அவன் குதிகால் தூக்கும். அப்போது அவள் நகர்த்துவாள்.

என் கதை இதோ இங்கே கைகழுவிக்கொண்டது. நீங்கள் சாப்பிடப் போகலாம். போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். சோற்றில் கை வைப்பதற்கு முன், உங்களுக்குப் பரிமாறுகிறவரின் குதிகாலை ஒரு தடவை குனிந்து பாருங்கள்.